தோல் நோய்க்கு வீட்டில் காய்ச்சும் கஞ்சா எண்ணெய்: குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வருகிறவர்கள் சில மாதங்களாக ஒரு கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். "கஞ்சாவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவினால் கரப்பானும் சொரியாசிஸும் போய்விடுமாமே, உண்மையா? சாப்பிடத்தானே ஹராம், மேலே பூசினால் என்ன?" என்பதுதான் அந்தக் கேள்வி. கைப்பேசியில் வந்த காணொளியைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. யாரோ கொடுத்த பச்சை நிறக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களும் உண்டு.

கேட்பவர்கள் யாரும் போதைக்காகக் கேட்கவில்லை. இரவெல்லாம் சொறிந்து அழும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் உம்மா கேட்கிறார். பத்து வருடமாகக் கையிலும் முழங்காலிலும் செதில் உதிர்ந்து, கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சப்படும் சகோதரர் கேட்கிறார். ஆகவே அவர்களைக் கண்டித்து அனுப்புவது பதிலாகாது. மருத்துவம், ஷரீஅத், நாட்டின் சட்டம் ஆகிய மூன்று பக்கமும் பார்த்து விவரம் சொல்வதே நம் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

கஞ்சாச் செடி நம் நாட்டுக்குப் புதிதல்ல. யூனானியிலும் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் அதற்கு இடம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் முஸ்லிம் மூலிகை அறிஞர் இப்னு பைத்தார் எகிப்தில் இது தோட்டங்களில் வளர்க்கப்பட்டதையும், உண்டவர்களுக்கு ஏற்பட்ட மயக்கத்தையும் பதிவு செய்திருக்கிறார். அதே நேரம், நம் பாரம்பரிய வைத்திய முறைகள் மூன்றுமே இதை நச்சுச் சரக்காகத்தான் வைத்திருக்கின்றன. இந்தியாவின் மருந்து மற்றும் அழகுப்பொருள் விதிகளில் நச்சுத்தன்மையுள்ள பாரம்பரிய மருந்துச் சரக்குகளுக்கென ஒரு தனி அட்டவணை உண்டு. அபின், ஊமத்தை, சேராங்கொட்டை ஆகியவற்றோடு கஞ்சாவும் அதில் இருக்கிறது. இவற்றைச் சேர்த்துச் செய்த உள்மருந்துகளை வைத்தியரின் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையைக் குப்பியின் மேல் அச்சிட வேண்டும்.

இன்று கைப்பேசியில் சுற்றும் காணொளிகளின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ரிக் சிம்ப்சன் என்பவர், 2003-ல் தம் தோலில் இருந்த புற்றுநோய்ப் புண்களின் மேல் கஞ்சாவிலிருந்து பிரித்த கெட்டியான எண்ணெயைப் பூசிக் கட்டுப் போட்டதாகவும், சில நாட்களில் குணமானதாகவும் சொன்னார். 2008-ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. அங்கிருந்து அந்தச் செய்தி உலகெங்கும் பரவி, மொழிமாறி, நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்து சேர்ந்தது. வழியில் புற்றுநோய் என்பது கரப்பானாக, தேமலாக, சர்க்கரைப் புண்ணாக, எல்லா நோயாகவும் ஆகிவிட்டது.

அவர் சொன்னது அவருடைய சொந்த அனுபவம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைத்து, அளவிட்டு, சோதித்து அறிந்த முடிவு அல்ல. அவர் குறிப்பிட்ட வகைத் தோல் புற்றுநோய் மெதுவாக வளரக்கூடியது. புண்ணாகும், பொருக்குத் தட்டும், ஆறியதுபோல் தெரியும், பிறகு மறுபடி கசியும். மேலே பொருக்கு உதிர்ந்து தோல் மூடிவிட்டால் உள்ளே வேர் போய்விட்டது என்று பொருளில்லை. திசுவை எடுத்துச் சோதித்தால்தான் அது தெரியும்.

அறிவியல் என்ன சொல்கிறது?

இதில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. கஞ்சாச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட கன்னாபினாய்டு வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று டிஹெச்சி, மயக்கம் தருவது இதுதான். இதை 1964-ல் இஸ்ரேலிய விஞ்ஞானிகள் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். இன்னொன்று சிபிடி, இது போதை தருவதில்லை. இவற்றை ஏற்றுக்கொள்ளும் வாங்கிகள் நம் மூளையில் மட்டுமல்ல, தோலிலும் இருக்கின்றன. அதனால் அரிப்புக்கும் அழற்சிக்கும் இவை உதவுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. சிறிய ஆய்வுகள் சிலவற்றில் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன.

ஆனால் அந்த ஆய்வுகளில் பயன்பட்டது தூய்மைப்படுத்தி, மில்லிகிராம் கணக்கில் அளந்து செய்த களிம்பு. அடுப்பில் காய்ச்சிய எண்ணெய் அல்ல. சிபிடியில் செய்த ஒரு மருந்தை அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2018-ல் அனுமதித்தது. அது குழந்தைகளுக்கு வரும் கடுமையான வலிப்பு நோய்க்கு வாய்வழி கொடுப்பது. அதைக் கொடுக்கும்போதுகூட ஈரல் பாதிக்கப்படுகிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். தோல் நோய்க்கென்று கஞ்சாக் களிம்பு எதையும் அந்தத் துறை அனுமதிக்கவில்லை.

"ஆனால் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்குக் கேட்டதே!" என்பார்கள். கேட்டிருக்கலாம். அதற்குக் காரணங்கள் பல இருக்கின்றன.

முதலாவது, எண்ணெயே மருந்து. கரப்பான் உள்ள தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தியை இழந்த தோல். பிலிப்பைன்ஸ் நாட்டில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. மினரல் ஆயிலைவிடச் சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்ல பலன் தந்ததாக அதில் தெரிந்தது. அப்படியானால் கஞ்சா போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயில் சுகம் தெரிந்தால், பாராட்டு எதற்குச் சேர வேண்டும்? சமையலறையில் இருக்கும் எண்ணெய்க்காகவும் இருக்கலாம்.

இரண்டாவது, கரப்பானும் சொரியாசிஸும் தாமாகவே ஏறி இறங்கும் நோய்கள். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடுவோம். அதற்குப் பிறகு இறங்குவது இயல்பு. இறங்கிய பேரைக் கடைசியாகப் பூசியது வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது, ஊர் பேர் இல்லாத குப்பிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கவும் கூடும். இரண்டு நாளில் பளிச்சென்று குறைந்து, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டில் காய்ச்சுவதில் உள்ள ஆபத்துகள்

மேலே பூசினாலே போதை தலைக்கேறிவிடும் என்று சிலர் சொல்வது மிகை. நல்ல நிலையில் உள்ள தோல் இந்த வேதிப்பொருட்களை எளிதில் உள்ளே விடாது. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது.

வெடித்த தோல், புண், சொறிந்து இரத்தம் கசியும் இடம் ஆகியவற்றில் அந்தத் தடுப்பு இல்லை. நாம் மருந்து பூசுவதோ அந்த இடத்தில்தான். கைக்குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். பூசியது உள்ளே போகும் அளவும் அதற்கேற்பக் கூடும்.

குழந்தைக்குப் பூசிய கை அதன் வாய்க்குப் போகும். சில தாய்மார்கள் முலைக்காம்பு வெடிப்புக்கு இதைப் பூசலாமா என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அது நேரே பிள்ளையின் வயிற்றுக்குத்தான் போகும். டிஹெச்சி கொழுப்பில் கரைவது, தாய்ப்பாலிலும் சேரும்.

அலமாரியில் இருக்கும் பச்சை எண்ணெயைத் தவழும் பிள்ளை எடுத்துக் குடித்துவிட்டால் என்ன ஆகும்? அளவு மீறிய தூக்கம், தள்ளாட்டம், கண் சிவப்பு, சிலருக்கு மூச்சு மந்தமாவது வரை போகலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். பழிக்கு அஞ்சி மறைக்காமல், உள்ளே போனது என்ன என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக நடக்கும்.

அடுத்தது, அந்தச் சரக்கின் சுத்தம். கஞ்சாச் செடி மண்ணில் உள்ள காட்மியம் போன்ற உலோக நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உடையது. திருட்டுத்தனமாக வளர்த்து, ஈரத்தோடு பொட்டலம் கட்டி, மாநிலம் தாண்டி வரும் சரக்கில் பூஞ்சையும் பூச்சிமருந்தும் இருந்தால் யார் சோதிப்பது? காய்ச்சிச் சுண்ட வைக்கும்போது சத்து சுண்டுவதுபோல் நஞ்சும் சுண்டும். கஞ்சாச் செடி பட்டாலே தடிப்பும் அரிப்பும் வரும் ஒவ்வாமை சிலருக்கு உண்டு என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததே. அரிப்புக்குப் பூசப்போய் அரிப்பை வாங்கிக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றையும்விட உடனடி ஆபத்து தீ. கெட்டியான சாறு எடுப்பதற்காகச் சிலர் ஸ்பிரிட்டையும் எரிவாயுவையும் பயன்படுத்துகிறார்கள். எத்தனால் என்னும் ஸ்பிரிட் ஏறத்தாழ 13 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஊரின் மார்கழிக் குளிர்கூட அதைவிட அதிக வெப்பம். பியூட்டேன் வாயுவோ காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி, அடுத்த அறையில் இருக்கும் அடுப்பையோ மின் பொத்தானின் பொறியையோ தேடிப் போகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படி வீட்டில் சாறு எடுக்கப்போய் வெடித்துத் தீக்காயப் பிரிவில் சேர்ந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தோலுக்கு மருந்து தேடிப்போய் உடம்பெல்லாம் தோலை இழந்தவர்கள் அவர்கள்.

மார்க்கத்தின் பார்வை

மயக்கம் தருவது எல்லாம் ஹராம் என்பதும், அதிகம் உண்டால் மயக்குவது எதுவோ அதில் கொஞ்சமும் ஹராம் என்பதும் நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த விதி. உடலையும் அறிவையும் தளர வைப்பதையும் அவர்கள் தடுத்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் இருக்கிறது. நபியவர்களின் காலத்து அரபு மண்ணில் கஞ்சா பேசப்படவில்லை. பின்னாளில் அது முஸ்லிம் நாடுகளில் பரவியபோது உலமாக்கள் இந்த விதிகளைக் கொண்டே அதைத் தடுத்தார்கள். 14-ஆம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ (ரஹ்) இதன் தடையை விளக்கவென்றே தனி நூல் எழுதினார். இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) இதைப் பெரும் பாவங்களின் வரிசையில் வைத்தார். ஆகவே உண்பதிலும் புகைப்பதிலும் பேச்சுக்கே இடமில்லை.

மேலே பூசுவது பற்றி ஃபிக்ஹ் நூல்களில் நுட்பமான பேச்சு உண்டு. மது போன்ற திரவ மயக்கப் பொருள் நஜீஸ். கஞ்சா போன்ற திடப்பொருளை உண்பது ஹராம் என்றாலும் அது நஜீஸ் அல்ல என்பது இமாம் நவவீ (ரஹ்) உள்ளிட்ட ஷாஃபிஈ அறிஞர்களின் கருத்து. அழுகிய உறுப்பை வெட்டி எடுக்கும்போது நோயாளிக்கு வலி தெரியாமலிருக்க இத்தகைய பொருளைப் பயன்படுத்தலாமா என்றும் பழைய நூல்கள் பேசி, தேவைக்கு வழி விட்டிருக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டுதான் சிலர் "மேலே பூசலாம், மார்க்கத்தில் தடையில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

நம் மார்க்கம் நோயாளியின் சிரமத்தை அறிந்த மார்க்கம் என்பதில் ஐயமில்லை. ஆண்களுக்குப் பட்டு ஹராம். ஆயினும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் உடம்பில் அரிப்பு ஏற்பட்டபோது பட்டுச் சட்டை அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. சலுகை தோல் அரிப்புக்கே கிடைத்திருக்கிறது!

ஆனால் மதுவை மருந்தாகச் செய்கிறேன் என்று ஒரு தோழர் சொன்னபோது, அது மருந்தல்ல, நோய் என்று நபியவர்கள் மறுத்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மருத்துவம் செய்யுங்கள், ஹராமைக் கொண்டு செய்யாதீர்கள் என்ற கட்டளையும் இருக்கிறது. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் உலமாக்கள் நிபந்தனைகள் வகுத்தார்கள். பலன் உண்டு என்பதை நம்பகமான, துறை அறிந்த மருத்துவர் சொல்ல வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஹலாலான மருந்து இல்லாதிருக்க வேண்டும். நீக்கப்போகும் தீங்கைவிடப் பெரிய தீங்கு அதனால் வரக் கூடாது.

வீட்டில் காய்ச்சும் கஞ்சா எண்ணெயை இந்த மூன்று நிபந்தனைகளிலும் வைத்துப் பாருங்கள். பலன் நிரூபணமாகவில்லை, சொல்பவர் மருத்துவரும் அல்லர். மாற்று மருந்துகளோ நிறைய இருக்கின்றன. தீங்கோ குழந்தையின் உயிர் முதல் குடும்பத்தின் மானம் வரை நீள்கிறது. ஆகவே நஜீஸா இல்லையா என்ற விவாதத்துக்குப் போகும் முன்பே விஷயம் தெளிவாகிவிடுகிறது. ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுத்த சாறாக இருந்தால் சுத்தம் பற்றிய கேள்வியும் கூடவே வருகிறது. தார்போல் ஒட்டும் கெட்டிச் சாறு தோலில் படலமாக நின்று தண்ணீரைத் தடுத்தால் உளூவும் குளிப்பும் நிறைவேறுமா என்பதையும் எண்ண வேண்டும். உங்கள் நிலையில் குறிப்பான சட்டம் வேண்டுமானால், முழு விவரத்தையும் சொல்லி நம் பள்ளி இமாமிடம் கேளுங்கள்.

காய்ச்சிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்தால் விளைவுக்கு அவரே பொறுப்பாளி என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. சும்மா கொடுத்தேன், நன்மையை நாடிக் கொடுத்தேன் என்பதால் அந்தப் பொறுப்பு நீங்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மருந்துக்காகக் காய்ச்சினேன் என்பவருக்குத் தனிச் சலுகை எதுவும் வைக்கவில்லை. உரிமம் இல்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால், மாடித் தொட்டியில் ஒரு செடியானாலும், 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கஞ்சாப் பூவை வைத்திருந்தால், 1 கிலோ வரை சிறிய அளவாகக் கருதப்பட்டு ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை இருந்தால் 10 ஆண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. குறைந்தபட்சமே 10 ஆண்டு.

எண்ணெய் காய்ச்சுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கஞ்சாவிலிருந்து பிரித்த பிசினையும், அதன் செறிந்த எண்ணெயையும் சட்டம் சரஸ் என்ற தனி வகையில் சேர்க்கிறது. அதில் சிறிய அளவு 100 கிராம் மட்டுமே. 1 கிலோவுக்கு மேல் என்றாலே வணிக அளவு. மேலும், போதைப்பொருளோடு வேறு பொருள் கலந்திருந்தால் அந்தக் கலவையின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நாலு கிராம் சாற்றை அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் கலந்தவர், நாலு கிராமுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. அது எந்த வகையில் சேரும் என்பதை வழக்கறிஞர்கள் பிறகு நீதிமன்றத்தில் வாதிடுவார்கள். அதுவரை பிள்ளை சிறையில் இருப்பான்.

வீட்டில் இது நடப்பதைத் தெரிந்தே அனுமதித்த வீட்டுக்காரருக்கும் அதே தண்டனை உண்டு. "மகன் ஏதோ மருந்து காய்ச்சினான், நான் கண்டுகொள்ளவில்லை" என்று வாப்பா சொல்லித் தப்ப முடியாமல் போகலாம். கஞ்சா வாங்க முதன்முதலாகக் கடைத்தெருவின் இருட்டு மூலைக்குப் போகிறவன் உம்மாவின் முழங்கால் படைக்காகப் போகிறான் என்றே வைத்துக்கொள்வோம். விற்பவனுக்கு அவன் ஒரு புது வாடிக்கையாளன், அவ்வளவுதான்.

வெளிநாடு செல்வோர் கவனத்துக்கு

நம் குடும்பங்களில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருவராவது இல்லாத வீடு குறைவு. ஊர் போகிறவர் கையில் ஊறுகாய், மாசி, எண்ணெய்க் குப்பி என்று கொடுத்தனுப்புவது நம் வழக்கம். கஞ்சா கலந்த எண்ணெய் அந்தச் சாமான்களோடு போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. பிசினானால் அந்த வரம்பு 200 கிராம். ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சா தொடர்பான வழக்கில் தமிழர் ஒருவர் 2023 ஏப்ரலில் அங்கே தூக்கிலிடப்பட்டதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். சவூதி அரேபியாவிலும் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. அமீரகத்தில், மேல்நாட்டுக் கடைகளில் சாதாரணமாக விற்கும் சிபிடி எண்ணெய்கூடத் தடை செய்யப்பட்டது. ஆகவே ஊருக்குப் போகும் யாரிடமும் பெயர்ச்சீட்டு இல்லாத எண்ணெயைக் கொடுத்தனுப்பாதீர்கள். பிறர் கொடுத்தால் வாங்காதீர்கள். சொந்தச் சாச்சாவே கொடுத்தாலும், உள்ளே என்ன என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

உரிமம் பெற்ற மருந்துகள் பற்றி

கஞ்சா விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு. விதையில் மயக்கப் பொருள் இல்லை என்றே சொல்லலாம். விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் வரம்புகளோடு அனுமதித்திருக்கிறது. இலைச்சாற்றில் செய்த சில மருந்துகளை ஆயுஷ் உரிமம் பெற்ற நிறுவனங்கள் மருத்துவர் சீட்டின் பேரில் விற்கின்றன. இவற்றைப் பற்றி யோசிப்பவர்கள், பட்டம் பெற்ற யூனானி அல்லது சித்த மருத்துவரை நேரில் பார்த்து, உரிம எண்ணும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் குப்பியில் இருக்கிறதா என்று சரிபார்த்து, மார்க்க விஷயத்தை இமாமிடமும் கேட்டு முடிவு செய்யட்டும். வீட்டில் காய்ச்சுவதற்கு இவை எதுவும் ஆதாரமாகாது.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும். எல்லா அரிப்பும் ஒரே நோயல்ல.

வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவராக, இரவில் கூடும் அரிப்பு விரலிடுக்கிலும் இடுப்பிலும் இருந்தால் அது பெரும்பாலும் சிரங்கு. நுண்ணிய பூச்சியால் வருவது. இதற்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு உண்டு. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்க இரவில் பூசி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். இல்லையென்றால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டே பூசுங்கள். மதரஸா விடுதிகளில் பிள்ளைகளை அனுப்பியிருப்போர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

வட்டமாக விளிம்பு தடித்துப் பரவினால் அது படர்தாமரை. பூஞ்சைக்கான மருந்து தேவை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இதை மறைத்து வளர்த்துவிடும்.

குழந்தையின் கரப்பானுக்கு அடிப்படை வைத்தியம் எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ மருத்துவர் சொன்ன களிம்போ பூசுங்கள். வாசனைச் சோப்பைத் தவிருங்கள். நகத்தை வெட்டி வையுங்கள். சீறும் நாட்களில் மருத்துவர் தரும் மருந்தை அவர் சொன்ன நாள் வரை மட்டும் பூசுங்கள். சொரியாசிஸுக்கு முற்றிலும் ஒழிக்கும் மருந்து இல்லையென்றாலும், கட்டுப்படுத்தும் களிம்புகளும் ஒளிச் சிகிச்சையும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். யூனானியில் நம்பிக்கை உள்ளவர்களுக்குச் சென்னை இராயபுரத்தில் மத்திய அரசின் யூனானி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

சில அறிகுறிகளுக்கு எந்த எண்ணெயையும் பூசி நாள் கடத்தவே கூடாது. உணர்ச்சியில்லாத வெளிறிய அல்லது சிவந்த தேமல் தொழுநோயாக இருக்கலாம்; ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவச மருந்து உண்டு, முழுமையாகக் குணமாகும், தாமதித்தால்தான் ஊனம். சர்க்கரை நோயாளியின் காலில் சிறு புண் என்றாலும் அன்றே காட்டுங்கள். அங்கே எண்ணெய் பூசிக் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் ஒரு விரலின் விலை. மாதக் கணக்கில் ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறும் மச்சம் ஆகியவற்றுக்குப் புற்றுநோய்ச் சோதனை தேவை.

நம் பொறுப்பு

வீட்டில் இப்படி ஒரு குப்பி இருந்தால், நல்லெண்ணத்தோடும்கூட இன்னொருவருக்குக் கைமாற்றி விடாதீர்கள். நோயைப் பற்றி வெட்கப்பட்டு மறைப்பதால்தான் இத்தகைய இரகசிய வைத்தியங்கள் வளர்கின்றன. தோல் நோய் பாவமுமல்ல, அசுத்தத்தின் அடையாளமுமல்ல. சரியான மருத்துவமனை தெரியாதவர்களும் பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களும் நம் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வாருங்கள். பெண்களுக்குத் துணைக்கு வர நம் சகோதரிகள் இருக்கிறார்கள். வீட்டுப் பிள்ளை மருந்து என்ற பெயரில் தொடங்கிப் பழக்கத்தில் மாட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். போதை மீட்புக்கு 14446 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண் உண்டு. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

அல்லாஹ் இறக்கிய ஒவ்வொரு நோய்க்கும் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அதை அறிந்தவர்களிடம் போய்க் கேட்பதும் அந்த நம்பிக்கையின் பகுதிதான். நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்